மண்பாவைகளும் மனைகளும்: முற்கால மெசோஅமெரிக்கச் சமுதாய வரலாற்றிற் சுடுமண் உருவங்களின் சான்று

எழுத்துச் சான்றுகள் தோன்றாத காலத்துச் சமுதாயங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அளவிற் பெரியனவற்றையே முதலில் நோக்குவர். மேடைக் கோயில்கள், அரசரின் கற்சிலைகள், பொருள் நிறைந்த கல்லறைகள் ஆகியவை எளிதிற் கண்ணிற் படுவன. ஆகையால் வரலாற்றிலும் எளிதில் இடம் பெறுவன. மெசோஅமெரிக்காவின் முற்கால வரலாறும் நெடுங்காலம் இவ்வாறே எழுதப்பட்டு வந்தது. ஒல்மெக் மக்கள் செதுக்கிய மாபெருங் கற்றலைகளே அவ்வரலாற்றின் வாயில் எனக் கொள்ளப்பட்டன. ஆயின், அக்கற்றலைகள் செதுக்கப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, உள்ளங்கையில் அடங்கும் சிறு பாவைகளை அந்நிலத்து மக்கள் களிமண்ணாற் பிசைந்து சுட்டுப் பயன்படுத்தினர். கிராமங்களின் குப்பைக் குழிகளிலும் வீட்டுத் தளங்களின் கீழும் புதைகுழிகளிலும் அவை ஆயிரக்கணக்கிற் கிடைத்துள்ளன. அரசு என்னும் நிறுவனம் உருப்பெறுவதற்கு முன்னரும், அது உருப்பெற்ற வேளையிலும் சாதாரண மனைகளில் நிகழ்ந்தவற்றை அறிவதற்கு இப்பாவைகளைப் போன்ற பிறிதொரு சான்று இல்லை எனலாம். அச்சான்றின் இயல்பையும், அது கூறுவனவற்றையும், அதனைப் படிக்கும் முறையில் ஏற்பட்ட மாற்றங்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மெசோஅமெரிக்கா என்பது 1943ஆம் ஆண்டிற் போல் கேர்ச்சொவ் என்னும் மானிடவியலாளர் வகுத்தளித்த பண்பாட்டுப் பிரதேசப் பெயராகும். மத்திய மெக்சிக்கோவிலிருந்து குவாத்தமாலா, பெலீஸ், எல் சல்வடோர் ஊடாக ஹொண்டுராசின் மேற்குப் பகுதி வரையும் அதற்கப்பாற் பசுபிக் கரையோரமாகத் தெற்கேயும் பரந்துள்ள இந்நிலப்பரப்பில், சோளம், அவரை, பூசணி ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்ட வேளாண்மையும், பொதுவான நாட்காட்டி முறையும், பந்தாட்டச் சடங்கும் வேரூன்றியிருந்தன. ஏறத்தாழக் கி.மு. 2000 முதற் கி.பி. 200 வரையுள்ள காலப்பகுதியை ஆய்வாளர் உருவாக்கக் காலம் என வழங்குவர். நிலைத்த கிராமங்கள் தோன்றியமை, சமுதாய ஏற்றத்தாழ்வு வேர்கொண்டமை, நகரங்களும் அரசுகளும் எழுந்தமை ஆகிய மூன்றும் இக்காலப்பகுதியிலேயே நிகழ்ந்தன. சுடுமண் பாவைகள் இம்மூன்று நிகழ்வுகளுக்கும் சாட்சியாக நின்றவை.

ஆய்வின் தொடக்கமும் அதன் எல்லையும்

பாவைகள் அறிஞரின் கவனத்தைப் பெற்றமை அண்மைக்கால நிகழ்ச்சியன்று. தியோத்திவாக்கான் நகரின் இடிபாடுகளிற் கிடைத்த சுடுமண் தலைகள் பற்றிச் செலியா நட்டால் 1886ஆம் ஆண்டில் விரிவானதோர் ஆய்வினை வெளியிட்டார். 1911ஆம் ஆண்டளவில் மனுவேல் காமியோ மெக்சிக்கோ நகரின் அருகிலுள்ள அஸ்கபொத்சால்கோவில் மண்படைகளை ஒழுங்காகப் பிரித்து அகழ்ந்தபோது, அஸ்டெக் காலத்துப் படையின் கீழ்த் தியோத்திவாக்கான் காலத்துப் படையும், அதனிலும் கீழே முன்னறியப்படாத தொன்மையானதொரு படையும் இருத்தல் புலப்பட்டது. அக்கீழ்ப்படைக்கு உரியனவாகக் கையாற் செய்த பாவைகள் அடையாளங் காணப்பட்டன. மெக்சிக்கோவின் பழைமை அஸ்டெக் மக்களுடன் தொடங்கியதன்று என்பதனை உறுதிப்படுத்திய சான்றுகளுள் இப்பாவைகளும் அடங்கும்.

இதனைத் தொடர்ந்து 1920களின் இறுதியிலும் 1930களிலும் ஜோர்ஜ் வைலன்ற் என்பார் மெக்சிக்கோப் பள்ளத்தாக்கிலுள்ள சக்கத்தெங்கோ, திக்கோமான், எல் அர்போலில்லோ ஆகிய இடங்களில் அகழ்வாய்வு நடத்தினார். கண்ணை அமைத்த முறை, மூக்கின் வடிவம், தலைக்கோலம் ஆகியவற்றைக் கொண்டு பாவைகளை வகைப்படுத்தி, ஒவ்வொரு வகைக்கும் ஓர் எழுத்தைக் குறியீடாக வழங்கும் முறையை அவர் விரிவாகக் கையாண்டார். எந்த வகை எந்தப் படையிற் கிடைக்கின்றது என்பதனை நோக்கிக் கிராமங்களின் கால முறைமையை வகுப்பது அவருடைய குறிக்கோளாயிருந்தது. கதிரியக்கக் காபன் காலக்கணிப்பு முறை 1949ஆம் ஆண்டில் அறிமுகமாகும் வரை இதனினும் சிறந்த வழி இருக்கவில்லை. அம்முறை வந்தபின், வைலன்ற் கருதியதிலும் அக்கிராமங்கள் பல நூற்றாண்டுகள் பழைமையானவை என்பது தெளிவாயிற்று. எனினும், எது முந்தியது எது பிந்தியது என்ற வரிசையைப் பொறுத்தவரை அவரது உழைப்புப் பெரிதும் பயன் தந்தது.

ஆயினும், இம்முறை பாவையைக் காலங்காட்டும் கருவியாக மட்டுமே கண்டது. அதனைச் செய்தவர் யார், எங்கே வைத்திருந்தார், எதற்காகப் பயன்படுத்தினார், ஏன் எறிந்தார் என்னும் வினாக்கள் பின்தள்ளப்பட்டன. அவற்றுக்கு விடை தேவைப்பட்டபோது ஆயத்தமாக இருந்ததொரு பொதுக்கருத்தே விடையாக அளிக்கப்பட்டது. பாவைகளுட் பெரும்பாலானவை ஆடையற்ற பெண்ணுருவங்கள். அவற்றைச் செய்தோர் வேளாண் மக்கள். ஆகவே அவை நிலவளத்தையும் மகப்பேற்றையும் வேண்டி வழிபட்ட தாய்த்தெய்வத்தின் வடிவங்கள் என்பதே அக்கருத்து. ஐரோப்பாவினதும் மேற்காசியாவினதும் தொல்பொருள்களுக்குக் கூறப்பட்ட அதே விளக்கம் மெசோஅமெரிக்காவுக்கும் பொருத்தப்பட்டது. எந்தவொரு தனிப் பாவையும் கிடைத்த சூழலை ஆராய்ந்து பெற்ற முடிபன்று இது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

வளத்தெய்வக் கொள்கை எதிர்கொண்ட தடைகள்

இக்கொள்கைக்கு முதலாவது தடை காலத்தைப் பற்றியது. மெக்சிக்கோப் பள்ளத்தாக்கின் தென்பாகத்தில், சால்கோ ஏரிக்கரையிலுள்ள சோஹாப்பில்கோ என்னுமிடத்தில் கிறிஸ்ரீன் நீடர்பேர்கர் நடத்திய அகழ்வாய்வில், ஏறத்தாழக் கி.மு. 2300ஆம் ஆண்டைச் சார்ந்த படையில் ஒரு சிறு சுடுமண் உருவம் கிடைத்தது. மெசோஅமெரிக்காவில் அறியப்பட்ட மிகப் பழைய சுடுமண் பாவைகளுள் இது ஒன்றாகும். அப்பகுதியில் மட்பாண்டம் பரவலாகப் புழக்கத்துக்கு வருமுன்னரே இது செய்யப்பட்டது. அக்காலத்து ஏரிக்கரை மக்கள் மீன், நீர்ப்பறவை, காட்டுத் தாவரங்கள் ஆகியவற்றையும் பெரிதும் நம்பி வாழ்ந்தோர். முழுமையான வேளாண் சமுதாயத்தின் விளைபொருளே பாவை என்னும் கூற்று இவ்விடத்திற் பொருந்துமாறில்லை.

இரண்டாவது தடை உணவைப் பற்றியது. மெக்சிக்கோவின் சியாப்பாஸ் மாநிலத்துப் பசுபிக் கரையோரமாகிய சொக்கொனுஸ்கோவில், கி.மு. 1900ஆம் ஆண்டளவிலிருந்து நிலைத்த கிராமங்களும் அழகிய மட்பாண்டங்களும் பாவைகளும் ஒருங்கே தோன்றின. அங்கு வாழ்ந்தோரின் எலும்புகளில் நிகழ்த்தப்பட்ட வேதியியற் சோதனைகளின் முடிவுகள் 1992ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன. தொடக்க நூற்றாண்டுகளிற் சோளம் அம்மக்களின் தலையாய உணவாக இருக்கவில்லை என்பதனை அவை உணர்த்தின. சோளப் பயிரின் செழிப்பை வேண்டிச் செய்யப்பட்டவை என அப்பாவைகளைக் கொள்வதற்கு இது பெருந்தடையாகும்.

மூன்றாவது தடை பாவைகளின் உருவங்களிலேயே உள்ளது. அதே கரையோரத்திலுள்ள பாசோ தெ லா அமாதா என்னும் கிராமம், கி.மு. இரண்டாம் ஆயிரவாண்டின் நடுப்பகுதியிலேயே பந்தாட்டக் களமொன்றைக் கொண்டிருந்த பேரூராகும். அவ்வூரையும் அதன் சுற்றுப்புறங்களையும் சார்ந்த பாவைகளை ஆராய்ந்த றிச்சட் லெசூர், அவற்றில் இருவேறு கூட்டத்தாரைக் கண்டார். ஒரு கூட்டத்தார் நின்ற நிலையிலுள்ள இளம் பெண்கள். அவர்கள் ஆடையற்றவர், ஆனால் தலைக்கோலம் நுட்பமாக அமைக்கப்பட்டவர். மற்றைய கூட்டத்தார் அமர்ந்த நிலையிலுள்ள பருத்த முதியோர். அவர்கள் சடங்குடையும் முகமூடியும் தரித்தவர். முதுமையும் அதிகாரமும் ஒருபுறமாகவும், இளமையும் பெண்மையும் மறுபுறமாகவும் வைத்துக் காட்டப்பட்டமை, குடும்பங்களின் மூத்தோர் இளம் பெண்களின் மணவுறவுகளைத் தம் ஆளுகையில் வைத்திருந்த நிலையுடன் தொடர்புடையதாகலாம் என்பது அவர் கருத்து. இவ்விளக்கத்தை முற்றாக ஏற்பினும் ஏலாதுவிடினும், ஒரே தெய்வத்தின் பல வடிவங்களாக இவ்விரு கூட்டத்தாரையும் கொள்ளுதல் இயலாது. பாவைகளிற் காணப்படுவது சமுதாய உறவாகும்.

திலாத்தில்கோ: செல்வமும் இழப்பும்

மெக்சிக்கோப் பாவைகளின் புகழை உலகெங்கும் பரப்பிய இடம் திலாத்தில்கோவாகும். இன்று மெக்சிக்கோ மாநகரின் மேற்குப் புறத்தினுள் அடங்கிவிட்ட இவ்விடத்தில், 1930களிற் செங்கல் அறுப்பதற்காக மண் தோண்டிய தொழிலாளர் புதைகுழிகளையும் பாவைகளையும் கண்டனர். அவர்கள் அவற்றை விற்கத் தொடங்கினர். வாங்கியோருள் ஓவியர்களான மிகுவேல் கொவருபியாசும் தியேகோ றிவேராவும் குறிப்பிடத்தக்கவர். கொவருபியாஸ் வாங்குவதோடு அமையாது, அவ்விடத்தின் அருமையை உணர்ந்து 1942ஆம் ஆண்டில் முறையான அகழ்வாய்வு தொடங்கக் காரணரானார். பின்னைய பருவங்களில் நூற்றுக்கணக்கான புதைகுழிகள் அகழப்பட்டன.

கி.மு. இரண்டாம் ஆயிரவாண்டின் பிற்பகுதியைச் சார்ந்த திலாத்தில்கோப் பாவைகள் பலவகைப்பட்டன. சிறுத்த இடையும் பருத்த தொடையும் குறுகிய கரங்களும் கொண்ட இளம் பெண்கள் அவற்றுட் பெருந்தொகையினர். குழந்தையை ஏந்திய தாயர், உடலை வளைத்து வித்தை காட்டுவோர், பந்தாட்டக்காரர், முகமூடி அணிந்தோர் முதலியோரும் உளர். ஒரே உடலில் இரு தலையோ, ஒரே தலையில் இரு முகமோ அமைந்த உருவங்கள் பெரும் விவாதத்துக்கு உள்ளாயின. பிறவியிலேயே முகம் இரட்டித்துத் தோன்றும் அரிய உடற்குறையினை நேரிற் கண்டோர் செய்தவை அவை என மருத்துவ நோக்கில் விளக்கியோர் உளர். இருமை பற்றிய சமயக் கருத்தின் வெளிப்பாடு எனக் கொண்டோரும் உளர்.

இவ்விவாதம் முடிவுறாமைக்குக் காரணம், பாவைகளுட் பெரும் பகுதி கிடைத்த சூழல் அறியப்படாமையேயாகும். திலாத்தில்கோ நெடுங்காலம் ஓர் இடுகாடாகக் கருதப்பட்டது. பிற்கால ஆய்வுகளே அது மக்கள் வாழ்ந்த கிராமம் என்பதனையும், இறந்தோர் வீடுகளின் கீழும் அருகிலும் அடக்கம் செய்யப்பட்டனர் என்பதனையும் தெளிவுபடுத்தின. மணி வடிவிற் குடையப்பட்ட சேமிப்புக் குழிகள் அங்கு மிகுதியாக இருந்தன. அவை பின்னர் குப்பையால் நிரப்பப்பட்டன. இடுகாட்டிற் கிடைத்த பாவை இறந்தோருக்குரிய படையலாகும். வீட்டிற் கிடைத்த பாவையோ வாழ்வோரின் கைப்பொருள். இவ்விரண்டனுள் எது என்பது தெரியாதபோது, அழகிய பாவையொன்று நூதனசாலைப் பேழையில் இருந்தும் வரலாற்றுக்கு ஊமையாகிவிடுகின்றது.

வஹாக்காப் பள்ளத்தாக்கு: ஒரு வீட்டின் தரையின் கீழ்

சூழலுடன் கிடைத்த பாவைகள் எவ்வளவு கூறவல்லன என்பதற்கு மெக்சிக்கோவின் தென்பகுதியிலுள்ள வஹாக்காப் பள்ளத்தாக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். கென்ற் பிளனரி 1966ஆம் ஆண்டளவில் தொடக்கி, ஜோய்ஸ் மார்க்கசுடன் இணைந்து பல ஆண்டுகள் நடத்திய ஆய்வில், பாவைகள் ஒவ்வொன்றும் எந்த வீட்டின் எந்தப் பகுதியிற் கிடைத்தன என்பது பதிவு செய்யப்பட்டது. சான் ஹொசே மொகோத்தே என்னும் கிராமத்தில், ஏறத்தாழக் கி.மு. 1150க்கும் 850க்கும் இடைப்பட்ட காலத்து வீடொன்றினைச் சார்ந்த தாழ்வாரத்தின் தரையின் கீழ் நான்கு பாவைகள் ஒன்றாகப் புதைக்கப்பட்டிருந்தன. மூன்று பாவைகள் மார்பிற் கைகளை மடித்தவாறு மல்லாந்து படுத்திருந்தன. நான்காவது பாவை அவற்றின்மேல் அமர்ந்திருந்தது. அவற்றைப் புதைத்தவர் ஒரு காட்சியையே அமைத்து வைத்துள்ளார் என்பது வெளிப்படை. மார்பிற் கைமடித்தலைப் பணிவின் அடையாளமாகவும், அமர்ந்த உருவத்தை உயர்நிலையினராகவும் அகழ்ந்தோர் கொண்டனர். ஏற்றத்தாழ்வு பற்றிய எண்ணம் அரண்மனை தோன்றுவதற்கு முன்னரே ஒரு சிறு வீட்டின் தரைக்கீழ் மண்ணில் வடிக்கப்பட்டமையை இக்காட்சி காட்டுகின்றது.

இதனினும் முக்கியமானது பாவைகளின் பரம்பலாகும். அவை வீடுகளிலும் வீட்டுக் குப்பைகளிலும் மிகுதியாகக் கிடைத்தன. ஆனால், சுண்ணச்சாந்து பூசிய ஓரறைக் கட்டடங்களில் அவ்வாறு கிடைக்கவில்லை. ஆடவரின் சடங்குக் கூடங்களாகக் கருதப்படுவன அக்கட்டடங்களே. இதனை அடிப்படையாகக் கொண்டு 1998ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் மார்க்கஸ், பாவைகள் பெண்களாற் செய்யப்பட்டவை என்றும், அண்மையில் இறந்த முன்னோரின் ஆவிகள் வந்து தங்கி உரையாடுவதற்குரிய உருவங்களாக அவை மனைச் சடங்குகளிற் பயன்பட்டன என்றும் வாதிட்டார். ஆடவர் சடங்கு பொதுவிடத்திலும், பெண்டிர் சடங்கு மனையிலுமாக ஒரே கிராமத்தில் இருவேறு சடங்குலகங்கள் ஒருங்கிருந்தன என்பது அவரது முடிபாகும்.

இம்முடிபு முழுவதும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது எனக் கூறுதல் பொருந்தாது. முன்னோர் வழிபாடு பற்றிய பகுதி, ஸ்பானியர் வருகையின் பின்னர் சப்போத்தெக் மக்களைப் பற்றிக் கி.பி. 16ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட குறிப்புக்களின் துணைகொண்டு அமைக்கப்பட்டதாகும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியை ஒரே மரபின் தொடர்ச்சியாகக் கொள்வதில் இடர்ப்பாடு உண்டு. எனினும், பாவைகள் மனைக்குரியன என்னும் பகுதி எழுத்துக் குறிப்புக்களைச் சாராது அகழ்வாய்வுப் பதிவையே சார்ந்து நிற்பது. அது எளிதில் மறுக்கத்தக்கதன்று.

சால்காத்சிங்கோ: வாழ்க்கைப் பருவங்களும் உடைந்த தலைகளும்

மத்திய மெக்சிக்கோவின் மொறேலோஸ் மாநிலத்திலுள்ள சால்காத்சிங்கோ, ஒல்மெக் பாணிப் பாறைச் சிற்பங்களாற் புகழ்பெற்றது. 1970களில் டேவிட் குரோவ் தலைமையில் அங்கு நடைபெற்ற அகழ்வாய்வு, சிற்பங்களுக்கு அப்பால் வீடுகளையும் வெளிக்கொணர்ந்தது. கி.மு. 700க்கும் 500க்கும் இடைப்பட்ட காலத்தைச் சார்ந்த பாவைகளின் உடற்பகுதிகளை ஆராய்ந்த ஆன் சைபர்ஸ், அவை பெண்ணின் வாழ்க்கைப் பருவங்களைக் காட்டுவன என 1993ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். பூப்பெய்தும் பருவம், கருவுற்ற நிலையின் வெவ்வேறு கட்டங்கள், குழந்தையைப் பேணும் நிலை ஆகியவை தனித்தனியே வேறுபடுத்திக் காட்டப்பட்டிருந்தன. வளம் என்ற பொதுச்சொல்லில் மறைந்துபோன நுண்வேறுபாடுகள் இவை. ஒரு பெண் ஒரு பருவத்திலிருந்து மற்றொரு பருவத்துக்குச் செல்லும் வேளையில் நிகழ்ந்த மனைச் சடங்குகளில் அப்பாவைகள் இடம்பெற்றிருத்தல் கூடும். அச்சடங்குகள் உறவினரையும் அயலவரையும் ஒன்றுகூட்டி, குடும்பங்களுக்கிடையே கடப்பாடுகளை உருவாக்கியிருக்கும். சமுதாயத்தைக் கட்டியெழுப்புவதில் ஆடவர் தலைமைக்கு நிகராகப் பெண்டிர் பங்கும் இருந்தமையை இவ்வாய்வு வற்புறுத்துகின்றது.

அதே இடத்துப் பாவைத் தலைகள் பிறிதொரு செய்தியைத் தருகின்றன. அவற்றுட் சில, குறிப்பிட்ட மனிதரின் முகச்சாயலைக் காட்டுவன போலத் தோன்றுகின்றன. அவை உடலிலிருந்து பிரிக்கப்பட்ட நிலையிற் கிடைத்தன. ஒல்மெக் கற்சிலைகள் திட்டமிட்டுச் சிதைக்கப்பட்டமையை ஒப்பிட்டு, ஆட்சியாளரின் உருவத்தைக் காட்டும் பாவைகளும் அவ்வாறே தலை துணிக்கப்பட்டிருக்கலாம் எனக் குரோவும் சூசன் கில்லஸ்பியும் 1984ஆம் ஆண்டிற் கருத்துத் தெரிவித்தனர். கழுத்தே பாவையின் மிக மெலிந்த பகுதி, எனவே அங்கு இயல்பாகவே உடையும் என்னும் மறுப்பும் கருதத்தக்கதே. உடைவுகள் யாவற்றையும் ஒரே காரணத்தால் விளக்க முடியாது. ஆயினும், மனைக்குரிய மண்பாவையில் ஆட்சியாளர் முகம் புகுந்தது என்னும் செய்தி உண்மையாயின், அது அரசு உருவாகும் காலத்தின் அடையாளம் எனக் கொள்ளத்தக்கது.

பாவைகள் மறைந்த வரலாறு

பாவைகள் தோன்றியமையைப் போலவே அவை மறைந்தமையும் வரலாற்றுச் சான்றாகும். குவாத்தமாலாவின் பசுபிக் கரையோரத்திலுள்ள லா பிளாங்கா, கி.மு. 900க்கும் 600க்கும் இடையிற் செழித்திருந்த பெருங்குடியிருப்பு. 25 மீற்றர் அளவு உயரமான மண்மேடு ஒன்று அங்கிருந்தது; 1972ஆம் ஆண்டில் வீதி அமைப்பதற்கு மண் எடுத்தபோது அம்மேடு அழிந்தது. மைக்கேல் லவ் அங்கு நடத்திய அகழ்வாய்வுகளில், உயர்ந்தோர் வீடு, எளியோர் வீடு என்னும் வேறுபாடின்றிப் பாவைகள் பெருந்தொகையாகக் கிடைத்தன. லா பிளாங்கா வீழ்ச்சியுற்றபின் அதே பகுதியில் எல் உஹூஸ்தே என்னும் நகர் எழுந்தது. அது திட்டமிட்டு அமைக்கப்பட்டது. வலுவான மத்திய அதிகாரத்தைக் கொண்டது. அந்நகரின் வீடுகளிற் பாவைகள் மிக அருகிவிட்டன. மனைகள்தோறும் நிகழ்ந்த சடங்குகளை நகரின் நடுவிலமைந்த பொதுச் சடங்குகள் ஈர்த்துக்கொண்டன என்பது லவ் தரும் விளக்கமாகும். மனித உருவத்தை வடிக்கும் உரிமை மண்ணிலிருந்து கல்லுக்கும், வீட்டாரிடமிருந்து ஆட்சியாளரிடமும் பெயர்ந்தமையை ஜூலியா கேர்ன்சி 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

வஹாக்காப் பள்ளத்தாக்கிலும் இதனையொத்த மாற்றம் காணப்படுகின்றது. கி.மு. 500ஆம் ஆண்டளவில் மொன்தே அல்பான் நகர் மலையுச்சியில் நிறுவப்பட்டது. அதன் தொடக்ககாலப் பெருங்கட்டடமொன்றிலும் அதன் சூழலிலுமாக முந்நூறுக்கு மேற்பட்ட கற்பலகைகள் கிடைத்துள்ளன. அவற்றில் ஆடையற்ற ஆடவர் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவை கொல்லப்பட்ட கைதிகளைக் காட்டுவன என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. இந்நகரின் எழுச்சியைத் தொடர்ந்த நூற்றாண்டுகளிற் கையாற் செய்த சிறு பாவைகள் படிப்படியாக அருகின. அரச குலத்து முன்னோரே இனிக் கல்லிலும் எழுத்திலும் நினைவு கூரப்பட்டனர். முந்திய கிராமத்தில் ஒவ்வொரு மனையும் தன் முன்னோரைத் தானே வடித்துக்கொண்டது. பிந்திய நகரில் யாருடைய முன்னோர் நினைக்கப்பட வேண்டும் என்பதனை அரசு தீர்மானித்தது.

எனினும், அரசு தோன்றியதும் பாவைகள் யாண்டும் மறைந்தன எனப் பொதுவிதி வகுத்தல் தவறாகும். மெக்சிக்கோப் பள்ளத்தாக்கில் எழுந்த தியோத்திவாக்கான், முற்கால அமெரிக்காவின் மாபெரும் நகர்களுள் ஒன்று. அங்கு பாவைகள் மறையவில்லை. மாறாக, பெருந்தொகையாகப் பெருகின. ஆயின், அவற்றை ஆக்கும் முறை மாறியது. கி.பி. முதல் நூற்றாண்டுகளில் அச்சு பயன்பாட்டுக்கு வந்தது. அச்சிற் பதித்த முகங்கள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. தியோத்திவாக்கான் அரசு பாவையை மனையிலிருந்து அகற்றவில்லை. ஆனால், ஒவ்வொரு கையும் தன் விருப்பிற்கேற்ப வடித்த பழைய முகவேறுபாடு அங்கு பெரிதும் குன்றியது. ஓரிடத்திற் பாவை மறைந்தமையும் மற்றோரிடத்தில் அது ஒருசீரானமையும், மனைக்கும் அரசுக்கும் இடையிலான உறவு இடத்துக்கிடம் வேறுபட்டமையை உணர்த்துகின்றன.

கொள்ளையும் போலியும்

இத்துணைச் செய்திகளையும் தரவல்ல சான்று இன்று பெருமளவிற் சிதைந்துள்ளது. மேற்கு மெக்சிக்கோவின் நயாரித், ஹலிஸ்கோ, கொலிமா ஆகிய பகுதிகளில் நிலத்தினுட் செங்குத்தாகத் தோண்டி அமைக்கப்பட்ட புதையறைகளில் உட்குடைவான பெரிய சுடுமண் உருவங்கள் வைக்கப்பட்டன. உலகின் பல நூதனசாலைகளில் அவை இடம்பெற்றுள்ளன. ஆனால் அவற்றுட் பெரும்பாலானவை கொள்ளையர் தோண்டி எடுத்து விற்றவை. 1993ஆம் ஆண்டில் ஹலிஸ்கோவிலுள்ள ஹுயித்சிலாப்பாவில் தீண்டப்படாத புதையறையொன்று கிடைத்தபோதே, அவ்வுருவங்கள் யாருடன், எந்த ஒழுங்கில் வைக்கப்பட்டன என்பது தெளிவாக அறியப்பட்டது. இரு அறைகளில் அறுவர் அடக்கம் செய்யப்பட்டிருந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் ஒரே குடும்பத்தினர் என எலும்பாய்வு உணர்த்திற்று. விற்கப்பட்ட ஆயிரக்கணக்கான உருவங்களால் நிறுவ இயலாத இச்செய்தியை ஒரேயொரு தீண்டப்படாத புதையறை நிறுவியது.

கொள்ளையைத் தொடர்ந்து போலிகளும் வந்தன. குவானஹுவாத்தோ மாநிலத்து அகாம்பரோ என்னும் ஊரில் 1944ஆம் ஆண்டு முதல் வால்டெமார் ஜூல்ஸ்றுட் என்னும் வணிகர் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட சுடுமண் உருவங்களைச் சேர்த்தார். அவற்றுட் சில, மனிதர் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னரே அழிந்த பெரும் ஊர்வனவற்றை ஒத்திருந்தன. அவ்விடத்தை நேரில் ஆராய்ந்த சார்ள்ஸ் டி பெசோ, அவை அண்மையிற் செய்து புதைக்கப்பட்டவை என 1953ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். 1972ஆம் ஆண்டில் வெப்பவொளிர்வு முறையாற் பெறப்பட்ட பழைய காலக்கணிப்பொன்று சிலருக்கு நம்பிக்கை ஊட்டியது. 1976ஆம் ஆண்டில் வெளியான மறுசோதனை அக்கணிப்புச் செல்லாது என நிறுவியது.

பிரிகிதோ லாராவின் கதை இதனினும் சிந்தனைக்குரியது. வெராகுரூஸ் மாநிலத்தவரான அவர், பண்டைய பாணியிற் சுடுமண் உருவங்களை வடிப்பதில் வல்லவர். 1974ஆம் ஆண்டிற் பழம்பொருட் கொள்ளையர் என்ற குற்றச்சாட்டில் அவர் கைதானார். கைப்பற்றப்பட்ட உருவங்கள் பண்டையனவே என அறிஞர் சான்று கூறியிருந்தனர். சிறையினுள்ளே களிமண் கேட்டுப் பெற்று, அவ்வுருவங்களை ஒத்தவற்றைச் செய்து காட்டியே அவர் தம்மைக் குற்றமற்றவரென மெய்ப்பித்தார். பின்னர் ஹலாப்பா மானிடவியல் நூதனசாலையில் உருவங்களைச் செப்பனிடும் பணியை ஏற்றார். பாவையின் தோற்றத்தை மட்டும் நோக்கி அதன் காலத்தையும் பொருளையும் கூற முற்படும் ஆய்வு எத்துணை நிலையற்றது என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

சட்டங்கள் இவ்வழிவைத் தடுக்க முயன்றுள்ளன. பண்பாட்டுச் சொத்துக்களின் கள்ளக் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970ஆம் ஆண்டில் நிறைவேறியது. மெக்சிக்கோ 1972ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம் பண்டைய தொல்பொருள்களை நாட்டின் சொத்தாக்கியது. ஆயினும், ஏற்கெனவே சூழலிலிருந்து பெயர்க்கப்பட்ட பாவைக்கு எந்தச் சட்டமும் அதன் வீட்டை மீட்டுக் கொடுக்க முடியாது.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, முற்கால மெசோஅமெரிக்காவின் சுடுமண் பாவைகள் ஒரே தெய்வத்தின் உருவங்களுமல்ல. ஒரே பயன்பாட்டுக்கு உரியனவுமல்ல. சொக்கொனுஸ்கோவில் அவை மூத்தோருக்கும் இளையோருக்கும் இடையிலான உறவைக் காட்டின. வஹாக்காவில் மனைச் சடங்கின் உலகையும், முளைவிடும் ஏற்றத்தாழ்வையும் காட்டின. சால்காத்சிங்கோவிற் பெண்ணின் வாழ்க்கைப் பருவங்களைக் காட்டின. எல் உஹூஸ்தேயில் அவற்றின் இன்மையே மத்திய அதிகாரத்தின் வளர்ச்சிக்குச் சான்றாயிற்று. இவை யாவும் பாவையின் முகத்திலிருந்து மட்டும் அறியப்பட்டனவல்ல. பாவை கிடந்த தரை, குழி, குப்பை ஆகியவற்றிலிருந்தும் சேர்த்து அறியப்பட்டவை.

கல்லிற் பொறிக்கப்பட்டோரின் வரலாறு கல் உள்ளவரை நிலைக்கும். கல்லிற் பொறிக்கப்படாத பெரும்பான்மை மக்களின் வரலாறு, குறிப்பாகப் பெண்டிரின் வரலாறு, அவர்களுடைய வீட்டுத் தரையிலேயே தங்கியுள்ளது. ஒரு பாவையைத் தரையிலிருந்து பிடுங்கி விற்பவன் பொருளொன்றைத் திருடுவதோடு நின்றுவிடுவதில்லை. ஒரு மனையின் வரலாறு எழுதப்பட்டிருந்த ஒரேயொரு பிரதியையும் அழித்துவிடுகின்றான். அழகுப் பொருளாக மட்டும் பாவையைக் கண்டு மகிழ்வோரும் இவ்வழிவிலிருந்து முற்றாக விலகியவரல்லர். உடைந்து குப்பையிற் கிடந்த சிறு துண்டையும், அது கிடந்த இடத்தோடு சேர்த்து மதிக்கும் ஆய்வே அம்மக்களுக்கு வரலாற்றில் உரிய இடத்தை வழங்கவல்லது.